வாசல் ஆணியில் ஒரு டிக்கெட்

வேலூர்
1902 மே 19

அன்புள்ள நைனாவுக்கு, ஞானசுந்தரி எழுதுவது.

ராஜப்பா மாமாவோடு வின்னியைக் காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆறு வயதுக் குழந்தை. என்னை விட்டு ஒரு ராத்திரி தனியாக இருந்ததில்லை. வாத்தியார் வேலைக்குப் படிக்கிற இந்தப் போதனா பள்ளியில் பரீட்சை முடியும் வரை விடுதியில்தான் இருக்க வேண்டும், குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இவருக்கோ ஜோலார்பேட்டை தந்தி ஆபீசில் பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள். வேறு வழியில்லாமல்தான் உங்களிடம் அனுப்புகிறேன். வேறு வழியில்லாமல் என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம், உண்மை அதுதான்.

நைனா, இதை நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். வின்னி சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது. முள் போட்டு மூடியிருக்கிற பழைய குழிகள் பக்கம் போகவே கூடாது. சயனைட் மண்மேட்டில் ஏறக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். நம் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடலாம், ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். டிராலி ஓடுகிற தண்டவாளத்தில் அவளை உட்கார வைத்து வேடிக்கை காட்டுவது உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவும் வேண்டாம்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் தெரியும். "இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு இப்படி நடுங்குது? ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் பொடி டப்பாவைத் தேடுவீர்கள். தயவுசெய்து இந்த ஒரு தடவை அப்படிச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
ஞானசுந்தரி


மாரிகுப்பம்
மே 24

என் செல்ல மகள் ஞானத்துக்கு,

சுகம் விசாரிக்கிற வரிகளை எல்லாம் பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் விஷயம் பெரிது. மின்சாரக் கம்பி வந்துவிட்டது! சிவசமுத்திரத்தில் காவேரி விழுகிற இடத்திலிருந்து மலை, காடு, ஏரி எல்லாம் தாண்டி நம் மாரிகுப்பம் வரைக்கும் கம்பம் நட்டு இழுத்துவிட்டார்கள். இனி மிஷினெல்லாம் அதில்தான் ஓடுமாம். நெருப்பில்லாமல் விளக்கு எரியுமாம். இருபது வருஷமாக மெழுகுவத்தியைத் தொப்பியில் ஒட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் மண் சரியாமல் முட்டு மரம் வைத்தவன் நான், எனக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குக் காவேரித் தாயே கம்பி வழியாக வருகிறாள் என்று நம்பிக்கை. நம் லைன் முனையில் இருக்கிற கம்பத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். வின்னி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தடியில் வைத்திருக்கிறது. கேட்டால், "தண்ணி சொட்டுனா பிடிக்கறதுக்கு, தாத்தா. மீனு வந்தாலும் வரும்" என்கிறது. உன் அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பை அணைய விட்டுவிட்டாள்.

குழந்தை நன்றாக இருக்கிறது. காலையில் நம் வீட்டில் கூழ், மத்தியானம் வெங்கடம்மா வீட்டில் களி, சாயங்காலம் லைன் முனையில் கடை போடுகிற சம்பங்கியின் பணியாரம். உன் கடிதத்தில் எழுதியிருந்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். மண்மேட்டில் பிள்ளைகள் கோணியில் உட்கார்ந்து சறுக்குகிறார்கள் அல்லவா, வின்னி அதிகம் சறுக்கவில்லை, கொஞ்சம்தான். அதுவும் புதுக் கோணி. நீயும் அங்கே சறுக்கி வளர்ந்தவள்தானே, ஒண்ணும் ஆவாது.

உன் அம்மா முத்தம் எழுதச் சொன்னாள். பரீட்சைக்கு நன்றாகப் படி.

நைனா,
பர்னபாஸ்


வேலூர்
மே 28

நைனாவுக்கு,

புதுக் கோணியா? நைனா, நான் கேட்டது கோணியைப் பற்றியா?

அந்த மண் விஷ மண். நான் சறுக்கின காலத்தில் அங்கே இருந்தது வெறும் கல்லுப்பொடி. சயனைட் போட்டுத் தங்கம் எடுக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்த மேட்டிலிருந்து வழிந்த தண்ணீரைக் குடித்துத்தான் ராஜப்பா மாமாவின் பசு செத்தது. அதை எனக்கு எழுதியது யார்? நீங்கள்தான். பசுவுக்காக நீங்கள் அழுததையும் எழுதியிருந்தீர்கள். பசு செத்துப்போன இடத்தில் பேத்தியைச் சறுக்க விட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

விடுதியில் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் புத்தகத்தைத் திறந்தால் முள் மூடிய குழிதான் தெரிகிறது. உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. சாம்ராஜ் அண்ணன் காணாமல் போன அன்று என்ன நடந்தது? அவன் நம் வீட்டில் சாப்பிடுகிறான் என்று அவன் அம்மா நினைத்தாள். வெங்கடம்மா அத்தை வீட்டில் தூங்கிவிட்டான் என்று நம் அம்மா நினைத்தாள். அத்தை அவன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தாள். நம் லைனில் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வீட்டிலும் சோறு. அதனால் ஒரு பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. மறுநாள் விறகு பொறுக்கப் போனவர்கள் முனகல் கேட்டு அவனைக் குழியிலிருந்து தூக்கினார்கள். உயிர் இருந்தது, கால் போனது. இன்றைக்கும் ஷாஃப்ட் வாசலில் உட்கார்ந்து, இறங்குகிற ஆட்களுக்கு நம்பர் டிக்கெட் கொடுக்கிற வேலைதான் அவனுக்கு முடிகிறது. தினமும் அவன் கையிலிருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்குகிறீர்களே, அவன் காலை நீங்கள் பார்ப்பதே இல்லையா?

அன்புக்கு ஒரு குறையும் இல்லை, நைனா. அங்கே அன்பு அதிகம், கண்காணிப்புதான் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த நேரத்திலும் வின்னி எங்கே இருக்கிறாள் என்று யாராவது ஒருவருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். "இங்கதான் எங்கியாவது இருக்கும்" என்பது பதில் இல்லை. உங்களால் முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள். பரீட்சை போனால் போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன். வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

ஞானசுந்தரி


மாரிகுப்பம்
ஜூன் 4

மகளே,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. பெற்று வளர்த்தவனுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருகிறாளே என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "அவ சொன்னதுல இன்னா தப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு என் கோபம் போயிற்று. மறுநாள் டிக்கெட் வாங்கும்போது சாம்ராஜின் காலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, பல வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

உன் கடிதத்தில் இருந்ததை அவனிடமே சொன்னேன். அவன் சிரித்தான். "மாமா, ஆயிரம் பேர் கீழ எறங்கறான். யார் கீழ, யார் மேலன்னு எனக்கு இங்க குந்திக்கினே தெரியுது. உங்க லைன்ல ஒரு பொண்ணு எங்க கீதுன்னு தெரிஞ்சிக்க முடியாதா?" என்றான். பெட்டியைத் துழாவி, ஓரம் தேய்ந்துபோன பழைய பித்தளை டிக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

கேள், எப்படிச் செய்திருக்கிறேன் என்று! சுரங்கத்தில் இறங்குகிறவன் சாம்ராஜிடம் நம்பர் போட்ட டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இறங்குவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான், சாம்ராஜ் அதைப் பலகையில் மாட்டுவான். பலகையில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதே முறைதான் இப்போது நம் லைனுக்கும். நம் லைனில் உள்ள ஒவ்வொரு மூங்கில் தட்டி வீட்டு வாசலிலும் ஒரு ஆணி அடித்துவிட்டேன். வின்னியின் கழுத்தில் கயிறு, கயிற்றில் டிக்கெட். ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வாசலில் மாட்ட வேண்டும், வெளியே வந்தால் எடுத்துக் கழுத்தில் போட வேண்டும். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் போதும், பிள்ளை எந்த வீட்டில் என்று தெரிந்துவிடும். எங்கேயும் டிக்கெட் தொங்கவில்லை, பிள்ளையும் தெருவில் இல்லை என்றால் சோற்றுத் தட்டை அடித்துச் சத்தம் போட்டு லைன் ஆட்களை எல்லாம் கூப்பிட வேண்டும். லைன் முனையில் சம்பங்கி உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தாண்டி ஒரு பிள்ளை போகாது. மண்மேடு இனிமேல் கிடையாது. கோணியை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

வின்னிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு மாட்டுவதற்காகவே போகிறது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அழுது, தகர மூடியில் ஓட்டை போட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டன. என்னையும் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் நானும் நம் வாசல் ஆணியில் ஏதாவது மாட்டினால்தான் உள்ளே விடும். "தாத்தா, மாட்டுனியா?" என்று கேட்கும். கையில் இருப்பதை மாட்டுகிறேன், ஒரு நாள் பொடி டப்பா, ஒரு நாள் தொப்பி.

இப்போது படிப்பாயா?

நைனா


வேலூர்
ஜூன் 11

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை விடுதியில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொடி டப்பா தொங்குகிற வாசலைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கோபமாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் சாம்ராஜ் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அன்று ராத்திரி முழுக்கப் பூகோளம் படித்தேன். நீங்கள் வின்னியை வளர்ப்பது இருக்கட்டும், என்னை மறுபடி படிக்க வைத்துவிட்டீர்கள்.

ஆனால் டிக்கெட்டை மாட்டிவிட்டு, மறந்துபோய், அதை விட்டுவிட்டே வெளியே போய்விட்டால்? உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. விளக்கு ஏற்றுகிற நாள் இந்த மாதக் கடைசி என்று இங்கேயும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கம்பியைத் தொட்டால் ஆள் கரிக்கட்டையாகிவிடுவானாம். கூட்டம் வேறு வரும். அன்றைக்கு மட்டும் வின்னியை வீட்டிலேயே வையுங்கள். ஜூலை இரண்டாம் தேதி எனக்கு முதல் பரீட்சை. அதற்கு முன்னால் என் நெஞ்சை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள்,
ஞானம்


மாரிகுப்பம்
ஜூன் 26

ஞானத்துக்கு,

நாள் வைத்துவிட்டார்கள், வருகிற திங்கட்கிழமை சாயங்காலம்! ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. பேத்தமங்களாவிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களாம். ஷாஃப்ட் வாசலில், ஆபீசில், ஆபீசுக்கு எதிர் மேட்டில் எல்லாம் கண்ணாடிக் குடுவை தொங்குகிறது. உள்ளே மயிர் மாதிரி ஒரு கம்பி, அதுதான் எரியுமாம். ராஜப்பா பந்தயம் கட்டுகிறான், எரியாது என்று.

உன் கேள்விக்குப் பதில்: டிக்கெட்டை மறந்துவிட்டுப் போகிறவன் சுரங்கக்காரனே இல்லை. வின்னி நம் இரத்தம், மறக்காது.

திங்கட்கிழமை குழந்தை வீட்டை விட்டு வெளியே வராது. உன் அம்மா கூடவே இருப்பாள். சத்தியம். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்கு எல்லாம் எழுதுகிறேன்.

நைனா


ஜோலார்பேட்டை ரயில் நிலையம்
ஜூலை 1, விடியற்காலை

நைனா,

பிளாட்பார விளக்கடியில் மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து சரியாக வராது.

நேற்றுச் சாயங்காலம் விடுதிக்கு ஒரு தந்தி வந்தது. "பர்னபாஸ் சுரங்கத்துக்குள் காணவில்லை. மண் சரிவு. உடனே வா." உங்கள் பெயர்தான் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வின்னி என்று இருக்கும், தப்பாக எழுதிவிட்டார்கள் என்று திருப்பித் திருப்பிப் படித்தேன். கட்டின புடவையோடு ரயில் ஏறினேன்.

இங்கே வண்டி நின்றதும் இவர் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு பெட்டியாக என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வருகிறார். கையில் இன்னொரு தந்தி. அவர் ஆபீசுக்கே வந்தது. "பர்னபாஸ் சுகம். தப்பு நடந்துவிட்டது. பிள்ளையும் சுகம். விவரம் கடிதத்தில்." பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு கூலிக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

வேலூர் பக்கம் போகிற வண்டி வரப்போகிறது. திரும்பிப் போய் நாளைக் காலை பரீட்சை எழுது என்கிறார் இவர். போகிறேன். ஆனால் என்ன தப்பு? யார் செய்த தப்பு? தந்தியில் பிள்ளை ஏன் வந்தாள், அவள் வீட்டில்தானே இருந்தாள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒன்றையும் சின்னதாக்கி எழுதாதீர்கள்.

ஞானம்


மாரிகுப்பம்
ஜூலை 2

என் கண்ணே ஞானம்,

தப்பு என்னுடையது. வேறு ஒருவருடையதும் இல்லை. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எனக்குக் கீழே இருப்புக்கொள்ளவில்லை. எப்போது ஷிஃப்ட் முடியும், எப்போது விளக்கைப் பார்ப்போம் என்றே இருந்தேன். முதல் கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தேன். டிக்கெட் ஜன்னலில் கூட்டம் மொய்த்தது. குளித்துவிட்டு ஓடிப்போனால்தான் மேட்டில் நல்ல இடம் கிடைக்கும் என்று வீட்டுக்கு ஓடினேன். நம் வீட்டில் யாரும் இல்லை. உன் அம்மாவும் வின்னியும் வெங்கடம்மா வீட்டுக்குள் பணியாரம் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது பழக்கத்தில் கையில் இருந்ததை வாசல் ஆணியில் மாட்டினேன். கையில் இருந்தது என் சுரங்க டிக்கெட். சாம்ராஜிடம் கொடுக்க வேண்டியதை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மேட்டுக்கு ஓடிவிட்டேன். சுரங்கக்காரனே இல்லை என்று யாரைப் பற்றியோ எழுதினேனே, அது நான்தான்.

நான் ஏறி வந்த பிறகு, நான் அன்று முட்டு வைத்த இடத்தில் மண் சரிந்திருக்கிறது. எல்லாரும் ஏறினதும் சாம்ராஜ் பலகையைப் பார்க்கிறான், என் ஆணி காலி. ஆபத்துச் சங்கு ஊதியது. ஆள் ஓடி வந்து உன் அம்மாவிடம் நான் வந்தேனா என்று கேட்டிருக்கிறான். அவள் பார்க்கவில்லை, இல்லை என்றாள். அவ்வளவுதான், லைன் முழுக்க அழுகை. நம் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை தந்தி ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். உன் அம்மாவை வெங்கடம்மாவும் சம்பங்கியும் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கலவரத்தில் வின்னியை யாரும் பார்க்கவில்லை. லைன் முனையிலும் ஆள் இல்லை. நீ எதற்குப் பயந்தாயோ அது அப்படியே நடந்தது, ஞானம். இதைச் சின்னதாக்க மாட்டேன்.

வின்னி என்ன செய்தது தெரியுமா? யாரைத் தேட வேண்டுமானாலும் ஆணியைப் பார்க்க வேண்டும் என்றுதானே அதற்குத் தெரியும். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நம் வாசலில் என் டிக்கெட். தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார்! அதை எடுத்துக்கொண்டு, தன் டிக்கெட்டை அங்கே மாட்டாமல் கழுத்தில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி, அந்த ஜனத்துக்குள் நுழைந்து, ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியிருக்கிறது. நீ போகவே கூடாது என்று எழுதிய இடத்துக்கு.

அங்கே ராஜப்பாவும் இன்னும் சிலரும் என்னைத் தேடி இறங்கக் கேஜில் ஏறி நிற்கிறார்கள். சாம்ராஜ் கேஜை இறக்கச் சொல்லி மணியடிக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டான். வின்னி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா கீழ இல்ல மாமா! மாட்டிட்டாரு! தோ, பாரு!" என்று கத்தியிருக்கிறது. அவனுக்கு இருட்டில் நம்பர் தெரியவில்லை. டிக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது! ஊரே ஓ என்று கத்தியது. எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள், சாம்ராஜ் மட்டும் டிக்கெட்டைப் பார்த்தான். கயிற்றை விட்டுவிட்டு, "எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க!" என்று கூச்சல் போட்டானாம்.

நான் இதொன்றும் தெரியாமல் மேட்டில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் பகல் வெளிச்சம் நிற்கிறது, ஞானம்! நெருப்பில்லை, புகையில்லை, காற்றடித்தால் அணையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கு ஊதியது கேட்டது, விளக்குக்காக ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பேத்தமங்களாக்காரன் ஒருவன் என்னை நிறுத்தி, "சேதி தெரியுமாண்ணா? பர்னபாஸ் மேஸ்திரி மண்ணுல பூட்டாராம், நல்ல மனுசன்" என்றான். நானும் ஐயோ என்றேன். அப்புறம்தான் உறைத்தது.

லைனுக்கு வந்தால் உன் அம்மா என்னை அடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை, எல்லார் முன்னாலும். சாம்ராஜ் என்னோடு இன்னும் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. மறுநாள் காலை அந்த இடத்தில் மீதி மண்ணும் மொத்தமாகச் சரிந்தது. ராஜப்பா இறங்கியிருந்தால் அதற்கடியில்தான் இருந்திருப்பான். இப்போது என் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறான், பந்தயத்தில் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை.

வின்னி சுகம். ஒரு கீறல் இல்லை. கொடுத்த சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. நீ வந்து அழைத்துக்கொண்டு போவதானால் நானே ஸ்டேஷன் வரை மூட்டையைத் தூக்கி வருகிறேன்.

நைனா


வேலூர்
ஜூலை 6

என் நைனாவுக்கு,

பரீட்சை முடிந்தது. முதல் நாள் ரயில் கரி படிந்த புடவையோடு போய் உட்கார்ந்தேன். கணக்கு சுமார். மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. படிக்கும்போதே சிரிக்கிறேன், படிக்கும்போதே உடம்பெல்லாம் வேர்க்கிறது. என் குழந்தை தன்னந்தனியாகத் தண்டவாளத்தைத் தாண்டி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அவளை அடிப்பதா, தூக்கிக் கொஞ்சுவதா என்று எனக்கே தெரியவில்லை. முதலில் கொஞ்சிவிடுங்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று பிறகு சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நைனா, அன்று ராத்திரி ரயிலில் நான் வின்னியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவள் யாரோடு இருக்கிறாள், சாப்பிட்டாளா, ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் முகம்தான். எனக்கு இன்னும் நைனா வேண்டும், எனக்கு இன்னும் நைனா வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன், எதிரில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை கடிதம் எழுதினேனே, மண்மேடு, குழி, தண்ணீர், கம்பி என்று. ஒன்றிலாவது நீங்கள் பத்திரமாக இருங்கள் என்று எழுதினேனா? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கிறீர்கள். மழை வருகிற மாதிரி, பொழுது விடிகிற மாதிரி அதுவும் தானாக நடக்கிறது என்று இருந்துவிட்டேன். உலகத்திலேயே ஆபத்தான இடத்துக்குத் தினமும் போகிறவர் எங்கள் வீட்டில் வின்னி இல்லை, நீங்கள்தான். அது எனக்கு உறைக்க ஒரு தந்தி வர வேண்டியிருந்தது.

வின்னியை அழைத்துப் போக நான் இப்போது வரவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் வரை அங்கேயே இருக்கட்டும். நீங்கள் அவளைப் பார்த்துக்கொள்கிற அழகு எனக்குத் தெரியும், அவள் உங்களைப் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் விடுகிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஷிஃப்ட் முடிந்து வந்த அன்றெல்லாம் எனக்கு ஒரு கார்டு வர வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் எழுத வேண்டாம். வந்துவிட்டேன் என்று எழுதினால் போதும். வேறு யாரையும் எழுதச் சொல்லக் கூடாது, உங்கள் கையெழுத்தாக இருக்க வேண்டும். தபால்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

உங்கள் மகள்,
ஞானசுந்தரி


மாரிகுப்பம்
ஜூலை 9

ஞானம்,

ஷிஃப்ட் முடிந்தது. டிக்கெட்டைச் சாம்ராஜ் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு இன்றைக்குத்தான் ஒரு வார்த்தை பேசினான். வந்துவிட்டேன். இன்னும் முகம் கழுவவில்லை, முதலில் இதைத்தான் எழுதுகிறேன். கார்டின் மூலையில் இருப்பது என் கட்டைவிரல் அழுக்கு, மெழுகும் சேறும்தான். இரத்தமோ என்று நினைத்துப் பயந்துவிடாதே.

நைனா